தானா ட்யூன் ஆகுற கிட்டாரும் ஏற்காட்டுக் குளிரும்

சேலத்துல ஆர்கெஸ்ட்ராவுல வாசிக்கிற கிட்டார்காரங்க மத்தியில ஒரு வேடிக்கை கவனிச்சிருக்கேன். காலேஜ் படிக்கிற, யூட்யூப் பாத்து கத்துக்கிட்ட சின்ன பசங்கதான் "அந்தக் காலத்து கிட்டார் மாதிரி இனிமே வராதுண்ணா, மோட்டார் வச்சதெல்லாம் பொம்மை"ன்னு பேசுறாங்க. கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கிறிஸ்துமஸ் ப்ரோக்ராம்னு மேடை மேடையா வாசிச்சு விரல் தேஞ்ச பெரியவங்கதான் "தம்பி, அது தானா ட்யூன் ஆகுதாமே, எங்க கிடைக்கும், என்ன விலை"ன்னு ஆசையா கேக்குறாங்க. நியாயப்படி தலைகீழா இருக்கணும்ல? நான் இந்த ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட ஆளு, அந்த மாதிரி ஒரு கிட்டாரை கொஞ்ச காலம் கையில வச்சு மேடையில வாசிச்சும் பாத்துட்டேன், அதனால எனக்குத் தெரிஞ்சதை எழுதி வைக்கலாம்னு.

முதல்ல அது என் கிட்டார் இல்ல. ஏற்காட்டுல ஒரு காப்பி எஸ்டேட் வீட்டுல கிறிஸ்துமஸ் சமயம் வாசிக்கப் போறது வழக்கம். அந்த வீட்டுப் பையன் வெளிநாட்டுல வேலை பாக்குறார், அங்க வாங்கின எலக்ட்ரிக் கிட்டாரை லீவுக்கு கொண்டாந்து அப்படியே விட்டுட்டுப் போயிட்டார். வீட்டம்மாதான் "சும்மா கெடந்து பூஞ்சை புடிக்குதுப்பா, எடுத்துட்டுப் போய் வாசி, அவன் வந்தா குடுத்துக்கலாம்"னு கையில குடுத்தாங்க. தலைக்குப் பின்னாடி ஒரு சின்ன பெட்டி, கம்பியை முறுக்குற ஆறு கீயும் மோட்டார்ல திரும்புறது, சார்ஜ் பண்ற பேட்டரி. பட்டனை அமுக்கிட்டு ஆறு கம்பியையும் மெதுவா ஒரு தடவ மீட்டினா போதும், ர்ர்ர்னு சத்தம் போட்டுக்கிட்டே ஆறு கீயும் தானா சுத்தும், லைட் செவப்புலருந்து பச்சைக்கு மாறும், முடிஞ்சது. முதல் தடவ பாக்குறப்ப யாரா இருந்தாலும் சிரிச்சுருவாங்க. எங்க தபேலாக்காரர் "எனக்கும் இப்படி ஒண்ணு வாங்கிக் குடுங்கப்பா, சுத்தியல் தட்டித் தட்டி கை வலிக்குது"ன்னார்.

இந்த ஐடியா ஒண்ணும் நேத்து வந்தது இல்ல. ட்ரான்ஸ்பெர்ஃபார்மன்ஸ்னு ஒரு அமெரிக்க கம்பெனி பாடிக்குள்ளயே மோட்டார் வச்சு ஒரு சிஸ்டம் பண்ணாங்க, லெட் செப்பெலின் ராக் பேண்டோட கிட்டார்காரர் ஜிம்மி பேஜ், அது போட்ட கிப்சன் கம்பெனியோட லெஸ் பால் மாடல் கிட்டார் ஒண்ணை 90கள்ல மேடையில வச்சிருந்தார். பாட்டுக்கு பாட்டு ட்யூனிங் மாத்துற ஆளுக்கு அது சொர்க்கம்தான், ஆனா மரத்தைக் குடைஞ்சு வைக்கணும், காசும் எக்கச்சக்கம், நம்மள மாதிரி ஆளுங்க கனவுல கூட நெனைக்க முடியாது. அப்புறம் 2007 கடைசியில கிப்சன், ஜெர்மனியில ட்ரோனிக்கல்ங்கற கம்பெனியோட சேந்து ரோபோ கிட்டார்னு ஒண்ணு விட்டாங்க, கடையில போய் வாங்கக்கூடிய மாதிரி. அதுக்கு அப்புறம் டார்க் ஃபயர், டஸ்க் டைகர், ஃபயர்பேர்ட் எக்ஸ்னு சினிமா வில்லன் பேரு மாதிரி வரிசையா வந்துச்சு, ஒண்ணொண்ணுலயும் எலக்ட்ரானிக்ஸ் ஏறிக்கிட்டே போச்சு. வாங்கினவங்கள விட கிண்டல் பண்ணவங்கதான் ஜாஸ்தி.

பெரிய ரகளை 2015ல. அந்த வருஷம் கிப்சன் அமெரிக்காவுல செய்யிற பெரும்பாலான மாடல்ல ஜி ஃபோர்ஸ்னு பேரு வச்சு இந்த ஆட்டோ ட்யூனரை கம்பெனியிலயே மாட்டி அனுப்பிட்டாங்க. அதோட நிறுத்தல, நெக்கை அகலமாக்கினாங்க, தலைக்குக் கீழ கம்பி உக்காருற நட்டை பித்தளையில ஏத்தி இறக்குற மாதிரி மாத்தினாங்க, அந்த மாடலுக்குப் பேர் குடுத்த கிட்டார்காரர் லெஸ் பால் பொறந்து 100 வருஷம்னு தலையில இருக்குற எழுத்தையும் மாத்தினாங்க, விலையையும் ஏத்தினாங்க. கத்தினாங்க பாருங்க உலகம் பூரா. 2016ல பழைய மாதிரி வேணும்னா ட்ரெடிஷனல், புது மாதிரி வேணும்னா ஹை பெர்ஃபார்மன்ஸ்னு ரெண்டு வரிசையா பிரிச்சுட்டாங்க. 2018ல கிப்சன் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனதும் நம்ம பசங்க "பாத்தீங்களா, ட்யூனர் போட்டதால கம்பெனியே மூழ்கிடுச்சு"ன்னு கதை கட்டிட்டாங்க, அது சரியில்ல. ஸ்பீக்கர் ஹெட்ஃபோன்னு வீட்டு எலக்ட்ரானிக்ஸ் பிசினஸை கடன் வாங்கி விலைக்கு வாங்கினதுதான் அவங்களை இழுத்துட்டுப் போச்சு. 2019ல ஃபயர்பேர்ட் எக்ஸ் கிட்டார்களை வரிசையா படுக்க வச்சு மேல வண்டியை ஏத்தி நொறுக்குற வீடியோ ஒண்ணு சுத்துச்சு, நெறைய பேர் பாத்திருப்பீங்க. கிட்டார் வாங்க வழி இல்லாம ஓட்டை கிட்டார்ல பழகின ஆளுக்கு அதைப் பாக்குறப்ப வயிறு எரியும். கம்பெனி தரப்புல, அது பாதுகாப்பு இல்லாத பார்ட்ஸ் உள்ள, சரி பண்ண முடியாத பீஸுன்னு சொன்னாங்க.

என்னைக் கேட்டா 2015ல ஜனங்க வெறுத்தது மோட்டாரை இல்ல, கேக்காம தலையில கட்டினதை. அதே பெட்டியை தனியா மட்டும் வித்திருந்தா வேணுங்கறவன் வாங்கி மாட்டிருப்பான், வேணாங்கறவன் பேசாம போயிருப்பான். இதை எங்க குரூப்ல சொன்னப்ப ஒரு தம்பி, நல்லா வாசிக்கிற பையன், "இல்லண்ணா, கையால ட்யூன் பண்றப்பதான் காது பழகும், அதை மெஷின்கிட்ட குடுத்துட்டா அப்புறம் நாம எதுக்கு"ன்னான். பக்கத்துல உக்காந்திருந்த எங்க சீனியர் அண்ணன், லீட் கிட்டார், ரொம்ப நாளா வாசிக்கிறவர், தட்டுவடை செட்டை வாயில போட்டுக்கிட்டே "ஏன்டா, உனக்கு காது பழகறதுக்கு ஆடியன்ஸ் காத்துட்டு இருப்பாங்களா, பாடுறவர் சட்டுனு அரைக் கட்டை எறக்குங்கறாரு, கீபோர்டுகாரன் ஒரு பட்டன் அமுக்கிட்டு என் மூஞ்சியைப் பாக்குறான், நான் இருட்டுல கண்ணாடியத் தேடிட்டு இருக்கேன்"ன்னார். ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். தம்பி வீட்டுல பழகுறதைப் பத்தி பேசுறான், அண்ணன் மேடையைப் பத்தி பேசுறார், ரெண்டும் வேற வேற இடம்.

சரி, இப்ப அந்த கிட்டாரை மேல எடுத்துட்டுப் போன கதைக்கு வரேன். சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500 மீட்டர் சொச்சம். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறணும், ஒரு மணி நேரத்துக்குள்ள வேற உலகம். மே மாசம் கோடை விழா சமயத்துல கீழ 38, 39 டிகிரி கொதிக்கும், வண்டிக்குள்ள கிட்டார் பை சுடும், மேல போய் எறங்கினா சாயங்காலக் காத்து ஜில்லுனு அடிக்கும், சில நாள் பனி மூட்டம் ஏரி மேலருந்து அப்படியே மேடைக்கு வந்துரும். இப்படி போறப்ப வாத்தியம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் ஓடும். கிட்டார் கம்பி இரும்பு, குளிர்ல சுருங்கும், இழுவை கூடும், சுருதி ஏறும். புல்லாங்குழல் அதுக்கு நேர் எதிர், காத்து குளிர்ந்தா சத்தம் போற வேகம் கொறையும், சுருதி எறங்கும், வாசிக்கிறவர் ஊதி ஊதி சூடு பண்ணாதான் மேல வரும். தபேலா, மிருதங்கம் தோல் ஈரத்துல தொளதொளன்னு ஆயிரும். கீபோர்டு மட்டும் எங்க போனாலும் 440 ஹெர்ட்ஸ்ங்கற ஸ்டாண்டர்ட் சுருதியிலயே கல்லு மாதிரி நிக்கும், அதனால மத்தவங்க எல்லாம் கடைசியில அது கால்லதான் விழணும். கீழ சேலத்துல சவுண்ட் செக் பண்ணி பக்காவா வச்சுட்டு மேல போய் அப்படியே ஆரம்பிச்ச குரூப்புங்க எல்லாம் முதல் பாட்டுலயே சொதப்பும், கேக்குறவங்களுக்கு காரணம் தெரியாது, "இன்னைக்கு ஏதோ செட் ஆகல"ன்னு போயிருவாங்க.

ஆட்டோ ட்யூனர் இங்கதான் ஜொலிக்கும்னு நெனைச்சோம். ஜொலிச்சுது, ஆனா பாதிதான். மேல போன உடனே பட்டனை அமுக்கினேன், பச்சை. கால் மணி நேரத்துல மறுபடி கேட்டா விலகியிருக்கு, மறுபடி அமுக்கு, பச்சை. ஏன்னா கம்பி சீக்கிரம் குளிரும், நெக் மரமும் பாடியும் மெதுவாத்தான் குளிரும், ஈரத்தையும் மெதுவாத்தான் குடிக்கும், அது அடங்குற வரைக்கும் எத்தனை தடவ ட்யூன் பண்ணாலும் அந்த நிமிஷத்துக்கு மட்டும்தான் சரி. அப்புறம் மேடை லைட் போட்டா கம்பி சூடாகி இப்ப எறங்க ஆரம்பிக்கும், நம்ம கைச் சூடும் சேரும். அதனால நான் இப்ப பண்றது, மேல போய் சேந்ததும் பையைத் தெறந்து கிட்டாரை வெளிய எடுத்து ஸ்டாண்ட்ல நிக்க வச்சுடுறது, பனி நேரா படாத இடமா பாத்து. டீ குடிச்சு, ஒயர் எல்லாம் இழுத்து, மைக் செக் முடிச்சு, கடைசியாத்தான் ட்யூன். முடிஞ்சா மேடை லைட்டையும் கொஞ்சம் முன்னாடியே போடச் சொல்லி அந்த வெளிச்சத்துலயே பண்ணுங்க. அக்கூஸ்டிக் கிட்டாருக்கு இன்னும் கஷ்டம், மேல் பலகை ஈரத்துல லேசா உப்பி, கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல இருக்குற உயரம், அதாவது ஆக்‌ஷனே ஏறிடும், ஒரே விரலால எல்லாக் கம்பியையும் அமுக்குற பாரே கார்டு புடிக்கிறப்ப விரல்ல தெரியும்.

இப்ப முக்கியமான இடம், நட்டு. தலைக்கும் ஃப்ரெட்போர்டுக்கும் நடுவுல இருக்குற சின்ன வெள்ளைத் துண்டு, பாதி கிட்டார் பிரச்சனைக்கு அதுதான் காரணம், ஆனா யாரும் அதுக்கு காசு செலவு பண்ண மாட்டாங்க. லெஸ் பால் மாதிரி தலை பின்னாடி சாஞ்சிருக்குற கிட்டார்ல, கம்பி நட்டைத் தாண்டினதும் கீழயும் வளையும், பக்கவாட்டுலயும் விரியும், அதுலயும் டி, ஜி கம்பி ரெண்டும் ஜாஸ்தி விரியும். பள்ளம் கொஞ்சம் டைட்டா இருந்தா கம்பி அங்க பிடிச்சுக்கும். கீயைத் திருப்புறோம், ஒண்ணும் ஆகாது, இன்னும் திருப்புறோம், டிங்குனு ஒரு சத்தம், ஒரே தாவா தாவி மேல போயிரும். கையால பண்றவனுக்கு இது தெரியும், காது சொல்லும், விரல் சொல்லும், கம்பியை லேசா ஒரு இழு இழுத்து விட்டுட்டு மறுபடி பண்ணுவான். மோட்டாருக்கு அந்த அறிவு கிடையாது. அது சுத்தும், கம்பி நகராது, இன்னும் சுத்தும், டிங், தாண்டிப் போச்சு, திருப்பி எறக்கும், மறுபடி நகராது. நான் வச்சிருந்த கிட்டார்ல ஜி கம்பியில இப்படி முன்னயும் பின்னயும் ஆடிக்கிட்டே இருந்துச்சு, பாக்குறவங்க "என்னண்ணா மிஷின் குழம்பிடுச்சா"ன்னு கேக்குறாங்க. குழம்பினது மிஷின் இல்ல, அது நல்லாத்தான் வேலை செஞ்சுது, பள்ளத்துல அழுக்கும் கம்பி மாத்தாத துருவும். பள்ளத்தைச் சரி பண்ணாம ஆட்டோ ட்யூனர் மாட்டுறது பஞ்சர் ஆன டயருக்கு நிமிஷத்துக்கு ஒரு தடவ காத்து அடிச்சுக்கிட்டே போற மாதிரி.

உங்க கிட்டார்ல தப்பு எங்கன்னு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன், காசு செலவில்லாதது. ஜி கம்பியை சரியா ட்யூன் பண்ணுங்க, ஏழாவது எட்டாவது ஃப்ரெட்ல கம்பியைப் பக்கவாட்டுல தள்ளி நல்லா ஒரு பெண்டு குடுத்து விடுங்க, திரும்ப விரல் வைக்காம ஓப்பனா மீட்டி ட்யூனரைப் பாருங்க. எறங்கியிருந்துச்சுன்னா இப்ப நட்டுக்கும் கீக்கும் நடுவுல இருக்குற கம்பியை விரலால ஒரு அமுக்கு அமுக்கி விடுங்க. சுருதி பழைய இடத்துக்கு வந்துட்டா திருடன் நட்டுதான். வரலைன்னா கீயில சுத்தின சுத்து தொளதொளன்னு இருக்கு, இல்ல கம்பி புதுசு இன்னும் இழுபடல. நட்டுன்னா, கம்பியைத் தளத்தி எடுத்துட்டு அந்த பள்ளத்துல பென்சில் கரியைத் தேச்சு விடுங்க, 2பி மாதிரி மெத்து பென்சில். அதுக்கே பாதி சரியாகும். இன்னும் மாட்டினா அதே சைஸ் பழைய சுத்துக் கம்பி ஒரு துண்டை வச்சு மெதுவா தேச்சு வழவழன்னு ஆக்கலாம், ஆழம் கூடிடக் கூடாது, கூடினா கம்பி முதல் ஃப்ரெட்ல பட்டு டர்ர்ருன்னு அடிக்கும், அப்புறம் புது நட்டுதான். பயமா இருந்தா செட்டப் பண்ற ஆள்கிட்ட குடுத்துருங்க, எலும்பு நட்டு போடச் சொல்லுங்க. கம்பி சுத்துறப்ப சும்மா ஒரு பந்து மாதிரி சுத்தாம ரெண்டு மூணு சுத்து, ஒண்ணுக்கு கீழ ஒண்ணா. புதுக் கம்பி போட்டதும் கையால இழுத்து இழுத்து ட்யூன் பண்ணி, திரும்ப இழுத்து, அது எறங்கறது நிக்கிற வரைக்கும் பண்ணணும். அப்புறம் ஒண்ணு, எப்பவுமே கீழருந்து மேல வந்து நிறுத்துங்க. தாண்டிப் போயிட்டா நல்லா எறக்கிட்டு மறுபடி ஏத்துங்க. மேலருந்து எறக்கி நிறுத்தினா கீயோட பல்லுல ஒரு தளர்வு நிக்கும், ரெண்டு பாட்டுல அது எறங்கிரும்.

இதையெல்லாம் அந்த எஸ்டேட் கிட்டாருக்குப் பண்ணினேன், நட்டு சுத்தம், புதுக் கம்பி. அப்புறம் அந்த மிஷின் சொன்ன பேச்சு கேட்டுச்சு, ஆறு கம்பியும் ஒரே சுத்துல போய் நின்னுச்சு. ஆனா வேடிக்கை என்னன்னா, அதே வேலையை என்னோட சாதா கிட்டாருக்கும் பண்ணிட்டு ரெண்டையும் ஒரே நாள் மேடைக்கு எடுத்துட்டுப் போனா, சாதா கிட்டாரும் ட்யூன் பெருசா விலகல. அதைப் பாத்துட்டு அந்தத் தம்பிக்கு ஒரே குஷி, "சொன்னேன்ல"ன்னு. டேய், நீ சொன்னது வேற.

மிஷின் ஜெயிச்ச இடமும் உண்டு. ஸ்கேல் மாத்துறது. நம்ம ஊர்ல ஆர்கெஸ்ட்ரா கிட்டார்காரன் ஒரே கிட்டாரோடதான் போவான், வெளிநாட்டுல மாதிரி பாட்டுக்கு ஒரு கிட்டார், எடுத்துக் குடுக்க ஒரு ஆள்னு கெடயாது. பாடகர் தொண்டை கட்டியிருக்கு அரைக் கட்டை எறக்குங்கன்னா ஏத்துறதுக்கு நெக்ல மாட்டுற கேப்போ க்ளிப் இருக்கு, எறக்குறதுக்கு ஒண்ணும் இல்ல, கார்டை மாத்தி யோசிச்சு வாசிக்கணும், ஓப்பன் கம்பி வச்சு வாசிக்கிற பாட்டெல்லாம் செத்துச்சு. ஆட்டோ ட்யூனர்ல ஒரு அமுக்கு, ஒரு மீட்டு, ஆறும் அரைக் கட்டை எறங்கிரும், அறிவிப்பாளர் அடுத்த பாட்டு பேரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரெடி. ஒரே எச்சரிக்கை, அரைக் கட்டை எறக்கினா கம்பியோட இழுவை கிட்டத்தட்ட 11 சதவீதம் கொறையும், நெக் லேசா நிமிரும், ஆக்‌ஷன் ரொம்ப கீழ வச்சிருக்குற கிட்டார்னா சத்தம் டர்ருங்கும். அடிக்கடி மாத்துறவங்க 9க்கு பதிலா கொஞ்சம் தடிமனான 10 செட் கம்பி போட்டு ஆக்‌ஷனை ஒரு நூல் தூக்கி வச்சுக்கணும். ஸ்பிரிங் வச்ச மிதக்குற ட்ரெமலோ பிரிட்ஜ்ல இந்த விளையாட்டே வேணாம், ஒரு கம்பியை எறக்கினா மத்த அஞ்சும் ஏறும், மோட்டார் பாவம் ஆறையும் துரத்திக்கிட்டே இருக்கும்.

பச்சை லைட்டை முழுசா நம்பவும் கூடாது. மிஷின் பாக்குறது ஓப்பன் கம்பியை மட்டும். பன்னெண்டாவது ஃப்ரெட்ல இன்டொனேஷன், அதாவது மேல போனாலும் சுருதி சரியா நிக்கிறது, தப்பா இருந்தா ஓப்பன்ல பச்சை, மேல வாசிச்சா அபஸ்வரம். அது மட்டும் இல்ல, கிட்டாரோட ஃப்ரெட்டே சமரச சுருதியிலதான் அடிச்சிருக்கு. சுத்தமான அந்தர காந்தாரம் இருக்க வேண்டிய இடத்தை விட கிட்டார், கீபோர்டுல வர்ற மேஜர் தேர்ட் 14 சென்ட் மேல நிக்கும், சென்ட்னா அரைக் கட்டையில நூத்துல ஒரு பங்கு. சத்தத்தைக் கரகரப்பாக்குற ஓவர்டிரைவ் போட்டு கார்டு அடிச்சா அந்த உரசல் நல்லாவே கேக்கும். அதனாலதான் எங்க அண்ணன் மாதிரி ஆளுங்க ட்யூனர்ல பச்சை வந்த பிறகும் ஜி கம்பியையோ பி கம்பியையோ ஒரு இழை எறக்கி வைப்பாங்க, அந்த நாள் பாட்டுக்கு எந்த கார்டு ஜாஸ்தி வருதோ அதுக்கு ஏத்த மாதிரி. ஆட்டோ ட்யூனர் வந்த பிறகும் அண்ணன் அதை விடல, பட்டன் அமுக்கிட்டு கையால பி கம்பியை ஒரு தொடு தொட்டுட்டுத்தான் வாசிப்பார். தம்பி சொன்ன காது விஷயம் இங்கதான் வருது, அதை அவனுக்கு எடுத்துச் சொன்னதே அண்ணன்தான்.

பேட்டரி விஷயம் சொல்லியே ஆகணும். ஆடி மாசம் மாரியம்மன் பண்டிகை சீசன்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள் ப்ரோக்ராம் இருக்கும், விடிகாலைல வீட்டுக்கு வந்து படுத்தா எவனுக்கு கிட்டாரை சார்ஜ் போட ஞாபகம் இருக்கும். சார்ஜ் இல்லைன்னா கையால திருப்பலாம், ஆனா மோட்டார் கீ சாதா கீ மாதிரி சுகமா இருக்காது, தலையும் கனக்கும், பெல்ட்ல தொங்குறப்ப தலை கீழ சாயப் பாக்கும். அதனால அண்ணன் பையில ஒரு சாதா க்ளிப் ட்யூனரும் எப்பவும் கெடக்கும். அந்த க்ளிப்பும் அதிர்வை வச்சுத்தான் படிக்குது, பேஸ் ஸ்பீக்கர் பக்கத்துல பலகை மேடையில நின்னுக்கிட்டு பம்பை அடிக்கிறப்ப ட்யூன் பண்ணப் பாத்தா கண்டதையும் காட்டும். மேடைக்கு சரியான பொருள் ஒயர்ல மாட்டுற பெடல் ட்யூனர்தான், மிதிச்சா சத்தமும் கட் ஆகும், அமைதியா ட்யூன் பண்ணிக்கலாம்.

மத்த புது சமாச்சாரம் எல்லாம் பத்தி நெறைய பேர் கேக்குறாங்க, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும். எவர்ட்யூன்னு ஒரு பிரிட்ஜ் இருக்கு, பேட்டரியே கெடயாது, ஒவ்வொரு கம்பிக்கும் தனித் தனி ஸ்பிரிங், இழுவை மாறாம அதுவே புடிச்சுக்கும், மெட்டல் வாசிக்கிறவங்க ஸ்டுடியோவுல உயிரா வச்சிருக்காங்க, ஆனா பாடியைக் குடையணும், பெண்டு வேலை செய்ய அதுக்குன்னு செட்டிங் பண்ணணும், கமகம் வச்சு வாசிக்கிறவங்க யோசிச்சு போங்க. ஃப்ளாய்ட் ரோஸ்ங்கற ட்ரெமலோ பிரிட்ஜ் பழசு, நட்டுலயே கம்பியைப் பூட்டிடும், ட்யூன் நிக்கும், ஆனா மேடையில ஒரு கம்பி அறுந்தா மத்தது எல்லாம் ஏறிடும், அன்னைக்கு சாமி காப்பாத்தணும். வேரியக்ஸ்னு லைன் 6 கம்பெனி கிட்டார்ல கம்பியைத் தொடாமலே சத்தத்தை மட்டும் வேற ட்யூனிங்ல குடுக்கும், கேக்க நல்லா இருக்கும், மானிட்டர் சத்தம் கம்மியா இருந்தா கம்பியோட நெசச் சத்தமும் காதுல விழுந்து தலை சுத்தும். தலையில்லாத கிட்டார் பஸ்ல போறவனுக்கு வரப்பிரசாதம், மேல சாமான் வைக்கிற இடத்துல படுக்க வச்சுட்டு தூங்கலாம், பழைய ஸ்டெயின்பெர்கர் மாதிரி ரெண்டு பக்கமும் குண்டு வச்ச கம்பி கேக்குறது மட்டும் வாங்காதீங்க, சேலத்துல அந்தக் கம்பி தேடி அலையணும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட்டுக்கு நான் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுப் போடுவேன், வாசிச்சு வாசிச்சு சாதா ஃப்ரெட் சீக்கிரம் பள்ளம் விழும். பேட்டரியில ஓடுற ஆக்டிவ் பிக்கப்புன்னா ஒண்ணே ஒண்ணு, வாசிச்சு முடிச்சதும் ஒயரைப் புடுங்குங்க, குத்தியே வச்சிருந்தா 9 வோல்ட் பேட்டரி தீந்துக்கிட்டே இருக்கும்.

வாங்கப் போறவங்களுக்கு. கையில கொஞ்சம் காசு இருக்குன்னா முதல்ல செட்டப், நட்டு, நல்ல கம்பி. அப்புறம் பெடல் ட்யூனர். அதுக்கு மேல இருந்தா லாக்கிங் கீ போடுங்க, கம்பியைக் கீயிலயே கவ்விக்கும், சுத்தே வேணாம், மாத்துறதும் சுளுவு. இது மூணும் முடிச்சவங்கள்ல பத்துல எட்டுப் பேருக்கு ஆட்டோ ட்யூனர் ஆசையே போயிரும்னு நான் சொல்வேன். ஆசை போகாதவங்க, அதாவது மேடையிலயே ட்யூனிங் மாத்தி மாத்தி வாசிக்கிறவங்க, கண்ணு மங்கலா இருக்குறவங்க, விரல் மூட்டு வலியில கீ திருப்பவே முடியாதவங்க, நீங்க தாராளமா வாங்குங்க, எவன் கிண்டல் பண்ணாலும் கண்டுக்காதீங்க. ரோடின்னு கையில புடிக்கிற ஒரு சின்ன மெஷினும் இருக்கு, கீ மேல வச்சா அதுவே திருப்பும், ஒவ்வொரு கம்பியா பண்ணணும், மெதுவுதான், ஆனா கிட்டார்ல எதையும் கழட்ட வேணாம், குரூப்புக்கு ஒண்ணு இருந்தா அக்கூஸ்டிக், எலக்ட்ரிக் எல்லாத்துக்கும் ஆகும். கிளாஸ் எடுக்குறவங்க பத்துப் பிள்ளைங்க கிட்டாரை வரிசையா ட்யூன் பண்றதுக்கு இதை வச்சுக்கலாம்.

செகண்ட் ஹேண்ட்ல மோட்டார் கிட்டார் வந்தா விலை சல்லிசா இருக்குன்னு பாயாதீங்க. ஆறு கீயையும் தனித் தனியா மேலயும் கீழயும் ஓட விட்டுப் பாருங்க, ஒண்ணு தயங்கினாலும் பேரத்தை நிறுத்துங்க, ஒத்தை மோட்டார் மட்டும் தேடி வாங்குறது சாதாரண வேலை இல்ல. சார்ஜர் கூடவே இருக்கணும், பேட்டரி உப்பியிருக்கக் கூடாது. முக்கியமா, நாளைக்கு மோட்டாரைக் கழட்டிப் போட்டா சாதா கீ அதே ஓட்டையில உக்காருமான்னு கேளுங்க, உக்காரும்னா பயமில்ல, கிட்டார் கிட்டாராவே இருக்கும். 2015 மாடலை வாங்கின பல பேர் அதைத்தான் பண்ணாங்க, மோட்டாரைக் கழட்டி டப்பாவுல போட்டுட்டு சாதா கீ மாட்டி நிம்மதியா வாசிக்கிறாங்க.

எஸ்டேட் வீட்டுப் பையன் போன லீவுக்கு வந்தப்ப கிட்டாரைத் திருப்பிக் குடுக்கப் போனேன். அவர் வாசிச்சுப் பாத்துட்டு "இது இவ்ளோ நல்லா இருந்துச்சா"ன்னு கேட்டுட்டு, அப்புறம் அண்ணன் அதை வச்சு வாசிக்கிறதைப் பாத்துட்டு வாடகை எதுவும் வேணாம் நீங்களே வச்சுக்கங்கன்னு அண்ணன்கிட்டயே விட்டுட்டார், வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு மட்டும் மேல வந்து வாசிச்சாப் போதுமாம். தம்பி இன்னும் மோட்டார் பொம்மைன்னுதான் சொல்றான், அதே வாயால போன வாரம் அவன் கிட்டாருக்கு எலும்பு நட்டு போடணும், யார்கிட்ட குடுக்கலாம்னு கேட்டு மெசேஜ் பண்ணியிருக்கான்.